ஃப்ரிட்ஜ் கதவின் கீல், பிராக்கெட், திருகுகள்: பார்த்து வாங்கி மாற்ற முழுமையான வழிகாட்டி

ஃப்ரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை என்றால் பெரும்பாலோர் முதலில் பழி போடுவது கேஸ்கெட் மேல்தான். கதவைச் சுற்றி ஓடும் அந்த ரப்பரை மாற்றுவார்கள். மாற்றிய பிறகும் கதவு இடிக்கும், மூலையில் பனி கட்டும். நான் கழற்றிப் பார்த்த எத்தனையோ கதவுகளில் ரப்பர் நன்றாகவே இருந்தது. தேய்ந்து கிடந்தது கதவின் அடியில், குனிந்து பார்த்தாலும் தெரியாத இடத்தில் இருக்கும் சுண்டுவிரல் நகம் அளவு நைலான் புஷ், அதாவது கீலின் கம்பி சுழலும் சின்ன உறை.

கீல், பிராக்கெட், திருகு, வாஷர், கால், தட்டுத் தாங்கி ஆகியவற்றைப் பார்த்து வாங்கி நீங்களே மாற்றுவது எப்படி என்று இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கழற்றிய பழைய பாகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்காமல் புதியதை வாங்காதீர்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதிலேயே கோளாறின் காரணம் இருக்கும். அதைப் பார்க்காமல் புதிய கீலை மாட்டினால், பழையது தேய்ந்த அதே விதத்தில் புதியதும் தேயும்.

சின்ன இடைவெளி ஏன் பெரிய தொல்லை

ரொம்பப் பழைய ஃப்ரிட்ஜ்களில் கதவுக்குத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு கொக்கி இருந்தது. கைப்பிடியை இழுத்துத்தான் திறக்க வேண்டும். மூடும்போது அந்தக் கொக்கி கதவை இறுக்கி இழுத்துக்கொள்ளும். கைவிட்ட ஃப்ரிட்ஜுக்குள் விளையாடப் போன குழந்தைகள் மாட்டிக்கொண்டு இறந்ததால், உள்ளிருந்து தள்ளினாலே கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1956-இல் சட்டமே வந்தது. கொக்கிகள் போய், ரப்பருக்குள் காந்தப் பட்டை வைத்த கேஸ்கெட் பரவலானது.

உயிர் காத்த மாற்றம் அது. ஆனால் கீலின் பொறுப்பு அன்றிலிருந்து கூடிவிட்டது. கொக்கி இருந்த காலத்தில் கதவு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இறுக்கத்தில் சரியாகிவிடும். காந்தத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகினாலே அது உலோகத்தைப் பிடிக்கத் திணறும். அந்த இடைவெளி வழியாக வெளிக்காற்று ஈரத்தோடு உள்ளே போகும், ஈரம் பனியாகும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடும்.

எந்தப் பாகம் எதைத் தாங்குகிறது

ஃப்ரிட்ஜ் கதவு பெரும்பாலும் குடுமிக் கதவு போலத்தான் சுழல்கிறது. மேலே ஒரு பின் (கதவு சுழலும் உலோகக் கம்பி), கீழே ஒரு பின். கதவின் முழு எடையும் கீழ்க் கீலில் உட்கார்ந்திருக்கும். மேல் கீல் எடையைத் தாங்குவதில்லை, கதவு முன்பக்கம் சாயாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. எனவே கதவு மொத்தமாகக் கீழே இறங்கியிருந்தால் கீழ்க் கீலைப் பாருங்கள். கைப்பிடிப் பக்கம் மட்டும் தொங்கினால் மேல் கீலும் அதன் திருகுகளும்தான் முதல் சந்தேகம்.

இரண்டு கதவு வைத்ததில் நடுவில் ஒரு கீல் இருக்கும். அதற்கு இரட்டை வேலை. மேல் கதவின் எடையைத் தாங்கும், கீழ்க் கதவின் தலையையும் பிடித்துக்கொள்ளும். மேல் கதவு இறங்கிவிட்டது என்று மேல் கீலை வாங்கி மாற்றுபவர்கள் உண்டு. அந்த எடை நடுக் கீலில் இருப்பது தெரியாததால் வரும் வீண் செலவு அது.

பல மாடல்களில் கீழ்க் கீலோடு கேம் என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் ஜோடி இருக்கும். சரிவு வெட்டிய இரண்டு துண்டுகள், ஒன்று கதவில், ஒன்று கீலில். கதவைத் திறக்கும்போது சரிவில் ஏறி கதவு ஓரிரு மில்லிமீட்டர் உயரும். கையை விட்டதும் தன் எடையாலேயே சறுக்கி மூடிக்கொள்ளும். தானாக மூடிக்கொண்டிருந்த கதவு இப்போது பாதியில் நிற்கிறது என்றால் இந்தச் சரிவு மழுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கேமை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். தேய்ந்த துண்டின் மேல் புதியதை வைத்தால் புதியதும் சீக்கிரம் அதே வடிவத்துக்கு வந்துவிடும்.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

முதலில் ரசமட்டம். ஃப்ரிட்ஜின் உச்சியில் இடவலமாக ஒரு முறை, முன்பின்னாக ஒரு முறை வைத்துப் பாருங்கள். இடவலம் நேராக இருக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிடச் சற்றே, சுமார் 6 மி.மீ. உயர்ந்திருப்பது நல்லது. அப்போதுதான் கதவு உள்நோக்கிச் சாயும். உங்கள் கையேட்டில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முன்னங்கால்களையோ சக்கரங்களை ஏற்றி இறக்கும் திருகையோ அரைச் சுற்று திருகியதிலேயே கதவுகள் நேரானதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஒரு கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றால் உடல் முறுக்கிக்கொள்ளும், கதவு கோணலாகத் தெரியும். கீலில் அப்போது எந்தத் தப்பும் இருக்காது.

அடுத்து காகிதச் சோதனை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவுக்கும் உடலுக்கும் நடுவே வைத்து மூடி மெதுவாக இழுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நான்கு மூலை, நான்கு ஓரத்தின் நடு என எட்டு இடத்திலாவது பாருங்கள். எந்த மூலையில் காகிதம் வழுக்கி வருகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, உள்ளே ஒரு டார்ச்சை எரிய வைத்து மூடினால் ஒளி கசியும் இடமும் தெரியும்.

கடைசியாகக் கதவைப் பாதி திறந்து, கைப்பிடிப் பக்கத்து அடி ஓரத்தைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். லொடக் என்று ஆடினால் பின்னோ புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. ஆடும்போது உங்கள் கண் மேல் கீலில் இருக்கட்டும். கீல் தகடே உடலிலிருந்து அசைந்தால் திருகு தளர்ந்திருக்கிறது. தகடு அசையாமல் பின் மட்டும் அசைந்தால் புஷ்தான். இந்த அரை நிமிட வேலை, எதை வாங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

பழைய பாகத்தைப் படிப்பது

கழற்றும் முறை கீழே வருகிறது. கழற்றியதும் என்ன பார்க்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் துடைத்துவிட்டால் தடயம் போய்விடும்.

புஷ்ஷின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நீண்டு, ஓரத்தில் கருஞ்சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தால் அது எடையால் வந்த தேய்மானம். கதவுத் தட்டுகளில் பெரிய பாட்டில்களை அடுக்கும் வீடுகளில் இதைத்தான் பார்ப்பீர்கள். புஷ்ஷை மாற்றுங்கள், கனமானவற்றை உள்தட்டுக்கு நகர்த்துங்கள்.

பின்னின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தால் கதவு ஒரே பக்கம் அழுத்திச் சுழன்றிருக்கிறது. ஃப்ரிட்ஜ் மட்டமாக நிற்கவில்லை, அல்லது எதிர்க் கீல் விலகியிருக்கிறது. நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் பின்னும் மாற்றத்தான் வேண்டும்.

திருகுத் துளையைச் சுற்றித் தகட்டில் வண்ணம் உரிந்து ஒரு பளிச்சென்ற வளையம் இருக்கிறதா? திருகு தளர்ந்து தகடு பல நாள் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. கீல் நன்றாக இருக்கலாம், மரைதான் போயிருக்கும்.

மேல் கீல் தகடு முன்பக்கமாக வளைந்திருந்தால் கதவை அதன் எல்லைக்கு மேல் யாரோ திறந்திருக்கிறார்கள். கதவை ஓர் அளவோடு நிறுத்தும் ஸ்டாப்பர் கீழே இருக்கும். அது உடைந்திருந்தால் கீலோடு சேர்த்து அதையும் வாங்குங்கள். வளைந்த கீலைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்தலாமே என்று தோன்றும். வேண்டாம். நிமிர்த்திய தகடு அதே இடத்தில் மறுபடி சுலபமாக வளையும், பின் செங்குத்தாக நிற்பதையும் கண் அளவில் சரிசெய்ய முடியாது.

சரியான பாகத்தைத் தேர்ந்தெடுப்பது

மாடல் எண் எழுதிய ஸ்டிக்கர் பெரும்பாலும் உள்சுவரில், காய்கறிப் பெட்டிக்கு அருகில் அல்லது பின்புறத்தில் இருக்கும். எண்ணின் கடைசியில் வரும் எழுத்துகளையும் கோடுகளையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பல வருடம் தயாரிக்கப்படும்போது நடுவில் கீலின் வடிவம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் காட்டுவது இந்தக் கடைசி எழுத்துகள்தான். சில கீல்களின் தகட்டிலேயே பாக எண் அச்சிட்டிருக்கும், அதையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வலது, இடது என்று சொல்வது எப்போதும் ஃப்ரிட்ஜுக்கு முன் நின்று அதைப் பார்க்கும்போது உங்களுக்கு வரும் வலது, இடது. இதில் குழம்பி, எதிர்ப்பக்கக் கீலை வாங்கி வந்து நிற்பது அடிக்கடி நடக்கிற விஷயம்.

எண் கிடைக்காவிட்டால் அளவுதான் வழி. வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. பின்னின் விட்டம், உயரம், தகட்டின் தடிமன், திருகுத் துளைகளுக்கு இடையிலான தூரம், முதல் துளையிலிருந்து பின்னின் மையத்துக்கு உள்ள தூரம் ஆகிய ஐந்தும் வேண்டும். துளையின் மையத்தைக் கண்ணால் குறித்து அளந்தால் தப்பு வரும். ஒரே அளவுள்ள இரண்டு துளைகள் என்றால், ஒன்றின் இடது விளிம்பிலிருந்து மற்றதன் இடது விளிம்புவரை அளந்தால் போதும், மையத்துக்கு மையம் உள்ள தூரமும் அதுவே.

இந்த ஐந்தில் நான் கண்டிப்பாக இருப்பது பின்னின் மையத்தில்தான். அது 2 மி.மீ. முன்னே வந்தால் கீல் பக்கத்து ரப்பர் உடலைத் தொடாது, பின்னே போனால் ரப்பர் நசுங்கி மடங்கும். 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று விற்கப்படும் கீல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாற்றுகின்றன. அதனால் கீலில் அந்த வகையை நான் பரிந்துரைப்பதில்லை. கால்கள், கைப்பிடித் திருகுகள், வாஷர்கள் போன்றவற்றுக்குப் பொது அளவுப் பாகங்கள் தாராளமாகப் போதும்.

பழைய ஃப்ரிட்ஜிலிருந்து கழற்றிய கீல் கிடைத்தால் வாங்கலாமா? அதே மாடல், வளையாத உலோகத் தகடு, தேயாத பின் என்றால் வாங்கலாம். புஷ், கேம், கிளிப் போன்ற பிளாஸ்டிக் பாகங்களைப் பழையதாக வாங்காதீர்கள். வருடக்கணக்கில் குளிரிலும் எடையிலும் இருந்த பிளாஸ்டிக் வெளியே தெரியாமல் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும்.

திருகு: நீளத்தில் தப்பு செய்யக் கூடாது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். திருகு பிடிக்கவில்லை என்றதும் கை தானாகவே நீளமான ஒன்றைத் தேடும். மரத்தில் அது சரி. ஃப்ரிட்ஜில் அது ஃப்ரிட்ஜையே கொன்றுவிடும்.

ஃப்ரிட்ஜின் சுவர் என்பது மெல்லிய உலோகத் தகடு, அதன் பின் பாலியூரித்தேன் நுரை, உள்ளே லைனர் எனும் பிளாஸ்டிக் உள்சுவர். பல மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் குழாய், பக்கச் சுவர்களின் உலோகத் தகட்டுக்குப் பின்னால் வளைந்து வளைந்து ஓடுகிறது. ஃப்ரிட்ஜ் ஓடும்போது பக்கச் சுவரைத் தொட்டால் இளஞ்சூடாக இருப்பது அதனால்தான். கதவுகள் தொடும் நடுச் சட்டத்தில் வேர்க்காமல் இருக்க, அங்கேயும் ஒரு சூடான குழாயைச் சுற்றிவிட்டிருப்பார்கள். நடுக் கீல் உட்காரும் இடம் அதற்கு வெகு அருகில். திருகு அந்தக் குழாயைத் துளைத்தால் குளிரூட்டும் வாயு முழுவதும் போய்விடும், நுரைக்குள் புதைந்த குழாயை ஒட்டவைப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். தீப்பற்றும் வாயு. அளவு குறைவுதான், ஆனாலும் பொறியோடு விளையாடக் கூடாது.

எனவே பழைய திருகின் நீளத்துக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் போகாதீர்கள், உடலில் புதிய துளை எதையும் போடாதீர்கள். கீல் வரும் இடத்தில் மட்டும் தகட்டுக்குப் பின்னால் தடித்த உலோகப் பட்டை ஒன்றை வைத்திருப்பார்கள். திருகு பிடித்துக்கொள்வது அதில்தான். பக்கத்தில் அரை அங்குலம் தள்ளித் துளைத்தால் அந்தப் பட்டை அங்கே இருக்காது.

அளக்கும் முறை: தலை தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் திருகுக்குத் தலைக்குக் கீழிருந்து நுனிவரை அளக்க வேண்டும். தலை தகட்டோடு சமமாகப் புதையும் வகைக்குத் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும். மரை எந்த வகை என்பதையும் பாருங்கள். நுனி கூராக, மரைகள் அகலமாக இருந்தால் தகட்டில் தானே மரை வெட்டும் செல்ஃப் டேப்பிங் வகை. நுனி தட்டையாக, மரை நெருக்கமாக இருந்தால் மெஷின் ஸ்க்ரூ. எம்5 என்றால் பொதுவாக 10 மரைக்கு 8 மி.மீ., எம்6 என்றால் 10 மி.மீ. வரும். ஸ்கேலை வைத்து எண்ணிப் பார்க்கலாம். கால் அங்குலத் திருகு 6.35 மி.மீ., பார்வைக்கு எம்6 போலவே இருக்கும். இரண்டு சுற்று ஏறிவிட்டுப் பிறகு இறுகினால் அதோடு நிறுத்திவிடுங்கள், பலவந்தப்படுத்தினால் மரை கிழியும்.

கீல் மாற்றும் வேலை, படிப்படியாக

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், 8 மி.மீ., 10 மி.மீ. சாக்கெட் ஸ்பேனர், ஆறுமுனை நட்சத்திரத் துளைக்கான டார்க்ஸ் பிட் செட், ஆலன் கீ செட், ஒட்டும் டேப், ஓர் அட்டைத் துண்டு, பழைய போர்வை. கூட ஒரு ஆளும் வேண்டும். கதவு பார்ப்பதைவிடக் கனம், தனியாகச் செய்யும் வேலை இல்லை இது.

1. பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. தண்ணீர் இணைப்பு இருந்தால் அதன் வால்வையும் மூடுங்கள். கதவு கழன்றுவிடும் என்பதால் உள்ளிருப்பவற்றை முன்பே வேறு குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். கதவுத் தட்டுகள் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடுங்கள்.

2. கதவை மூடி, கைப்பிடிப் பக்கத்தில் இரண்டு மூன்று இடத்தில் உடலோடு டேப் ஒட்டுங்கள். வண்ணத்தை உரிக்காத பெயின்டர் டேப்பை மூன்று நான்கு அடுக்காக ஒட்டினால் நல்லது. மேல் கீலைக் கழற்றியதும் கதவு உங்கள் மேல் சாயாமல் இது பிடித்துக்கொள்ளும்.

3. மேல் கீலின் பிளாஸ்டிக் மூடியை எடுங்கள். ஒரு திருகு இருக்கலாம், வெறும் கிளிப்பாகவும் இருக்கலாம். நெம்புவதென்றால் தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். அடியில் மின்கம்பிகளின் கனெக்டர், தண்ணீர்க் குழாய், பச்சை நிற எர்த் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுத்த பிறகே கழற்றுங்கள். கனெக்டரைக் கம்பியைப் பிடித்து இழுக்காமல், அதன் பூட்டை அழுத்திப் பிரிக்க வேண்டும்.

4. பழைய கீலைச் சுற்றி மார்க்கரால் மெல்லிய கோடு வரையுங்கள். புதியதை எங்கே வைப்பது என்பதற்கு இதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.

5. அட்டையில் கீலின் படத்தைக் கிறுக்கி, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஒரே கீலில் இரண்டு நீளத் திருகுகள் இருப்பது சாதாரணம். மேலே சொன்ன குழாய் ஆபத்து நினைவிருக்கட்டும், இடம் மாறக் கூடாது.

6. துணைக்கு நிற்பவர் கதவைப் பிடித்துக்கொள்ள, மேல் கீலை நேராக மேலே தூக்கி எடுங்கள். டேப்பைப் பிரித்து, கதவைச் சற்றே சாய்த்து, கீழ்ப் பின்னிலிருந்து மேலே தூக்குங்கள். போர்வை மேல் படுக்க வையுங்கள்.

7. இந்த நேரத்தில் கீழே பாருங்கள். வாஷர்கள் பின்னில் இருக்கின்றனவா, கதவின் அடியில் ஒட்டிக்கொண்டு போய்விட்டனவா? கதவைத் தூக்கும்போது உருண்டு ஓடுவது இவைதான். எத்தனை வாஷர், எந்த வரிசை என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாஷர் குறைந்தால் கதவு அதன் தடிமன் அளவுக்கு இறங்கிவிடும்.

8. நடுக் கீல் என்றால் மேல் கதவை எடுத்த பிறகே அதைத் தொட வேண்டும். கழற்றினால் கீழ்க் கதவின் பிடியும் போய்விடும், எனவே அதற்கும் முதலிலேயே டேப் ஒட்டியிருக்க வேண்டும்.

9. கீழ்க் கீலுக்கு முன்பக்கத்தைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். இருவராகப் பின்னால் சில சென்டிமீட்டர் சாய்த்து, முன்பக்கத்தின் அடியில் கனமான மரக்கட்டை இரண்டை முட்டுக் கொடுங்கள். படுக்க வைக்காதீர்கள். படுக்க வைத்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போகும். அப்படி வைக்க நேர்ந்துவிட்டால் நிமிர்த்திய பின் சில மணி நேரம் கழித்தே இயக்க வேண்டும்.

10. புதிய கீலைக் கோட்டுக்குள் வைத்து, எல்லாத் திருகுகளையும் கையால் ஏற்றுங்கள். செல்ஃப் டேப்பிங் திருகு என்றால் முதலில் இடப்புறமாக, அதாவது கழற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் 'டக்' என்று சின்னதாக இறங்குவது விரலுக்குத் தெரியும். பழைய மரையின் வாயில் திருகு உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்புறம் திருகினால் அதே மரையில் வழுக்கிக்கொண்டு போகும். இப்படிச் செய்யாமல் முதலிலேயே அழுத்தித் திருகினால் பழைய மரைக்குக் குறுக்கே புதியது வெட்டும், இரண்டாவது முறைக்கு அந்தத் துளை தாங்காது.

11. புதிய புஷ், வாஷர், கேம் போட்டு, பின்னில் உணவுப் பொருட்களுக்கு அருகில் பயன்படுத்தத்தக்க சிலிக்கோன் கிரீஸ் துளி அளவு தடவி, கதவை ஏற்றுங்கள். துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், வாசனை உள்ளே தங்கும்.

12. மேல் கீலைத் தளர்வாகப் பிடிக்கவிட்டு, கதவை மூடி, ஓரங்களின் இடைவெளி சமமாக வரும்வரை அசைத்துப் பாருங்கள். துணையாள் கைப்பிடிப் பக்கத்தை லேசாகத் தூக்கிப் பிடிக்கட்டும். அப்போதே திருகுகளை இறுக்குங்கள். பவர் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தாலும் கடைசி இறுக்கம் கையால்தான்.

எர்த் கம்பியை மறக்காமல் மாட்டிய பிறகே மூடியைப் போடுங்கள். அது இல்லாமலும் ஃப்ரிட்ஜ் ஓடும். அதனாலேயே மாட்டாதது தெரியாமல் போய்விடுகிறது.

மரை போன துளைக்கு என்ன செய்வது

திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை. நீளத்தைக் கூட்டக் கூடாது என்று பார்த்தோம். விட்டத்தைக் கூட்டலாம். அதே நீளத்தில் ஓர் அளவு தடித்த செல்ஃப் டேப்பிங் திருகு பெரும்பாலும் வேலையை முடித்துவிடும். கீல் தகட்டின் துளை வழியாக அது போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் பிடிக்காவிட்டால் உலோகத்துக்கான எபாக்சி பசையைத் துளையில் அடைத்து, பாக்கெட்டில் சொன்ன நேரம் முழுக்க உலரவிட்டு, அதில் மெல்லிய துளை போட்டுத் திருகலாம். டிரில் பிட்டில் பழைய திருகின் நீளத்துக்கு ஒரு டேப் சுற்றிவிடுங்கள். டேப் தகட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். மேல் கீலில் இந்த முறையை ஓரளவு நம்பலாம். முழு எடையும் வரும் கீழ்க் கீலுக்கு ரிவெட் நட், அதாவது தகட்டில் நசுக்கிப் பிடிக்கவைக்கும் உள்மரைக் குழல், வைப்பதே சரி. அதற்கு இருக்கும் துளையைச் சற்று அகலப்படுத்த வேண்டும், கருவியும் தனி. கை பழகாதவர்கள் இதை ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

திருகு தானாகத் தளர்கிறது என்று மரையைப் பூட்டும் பசை, அதாவது திரெட்லாக்கர் போடுபவர்கள் உண்டு. உலோகத்தில் உலோகம் என்றால் நடுத்தர வலிமை உள்ள வகை சரி. பிளாஸ்டிக் பக்கம் வழியவிடாதீர்கள். ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளை அது நுண்ணிய விரிசல் விட வைக்கும்.

தட்டுத் தாங்கிகள், கைப்பிடி, மற்றவை

உள்தட்டுகளில் இரண்டு வகை. பின்சுவரில் ஏணி மாதிரி உலோகப் பட்டையில் கொக்கி மாட்டும் வகைக்கு, தட்டின் முன்பக்கத்தைத் தூக்கினால் கொக்கி விடுபடும். வளைந்த கொக்கியோடு கண்ணாடியை மாட்டாதீர்கள், எடை ஒரே கொக்கிக்குப் போய்விடும். கண்ணாடித் தட்டைக் குளிரோடு எடுத்து உடனே சுடுநீரில் கழுவுவதும் ஆபத்து. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள்.

இன்னொரு வகையில் லைனரிலேயே வார்த்த மேடுகள் தட்டைத் தாங்கும். அந்த மேடு உடைந்தால் மாற்றுப் பாகம் கிடையாது. அங்கே திருகு போட்டு ஆங்கிள் பிடிக்கலாமே என்று யோசனை வரும். சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டோம், எனவே அந்த யோசனையே வேண்டாம். தட்டை ஒரு படி மேலே மாற்றுங்கள், அல்லது கீழ்த் தட்டில் நிற்கும் தாங்கி வைத்துச் சமாளியுங்கள்.

ஆடும் கைப்பிடிக்குப் பெரும்பாலும் எதையும் வாங்க வேண்டாம். கைப்பிடியின் அடியிலோ பக்கத்திலோ சின்னத் துளைக்குள் தலையில்லாத் திருகு இருக்கும். பொருந்தும் ஆலன் கீயை முழு ஆழத்துக்கு விட்டு இறுக்குங்கள். மில்லிமீட்டர் அளவுக் கீயை அங்குலத் திருகில் போட்டு மழுக்கிவிட்டால் பிறகு வெளியே எடுப்பது பெரும்பாடு.

அலமாரிக்குள் பதித்த ஃப்ரிட்ஜ்களில் மரக்கதவை இணைப்பது இரண்டு விதம். மரக்கதவு தன் கீலில் தொங்கி, ஃப்ரிட்ஜ் கதவோடு ஒரு சறுக்கு ரயிலால் மட்டும் இணைந்திருக்கலாம். அதில் கதவு இறுக்கமாக வந்தால் ரயில் கோணலாக இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்றில் மரக்கதவு நேராக ஃப்ரிட்ஜ் கதவின் மேலேயே பூட்டப்பட்டிருக்கும், இரண்டின் எடையும் ஃப்ரிட்ஜ் கீலுக்கு வரும். அந்த வகையில் பலகையின் எடைக்குக் கையேடு ஒரு வரம்பு சொல்லும். அழகுக்காகத் தடித்த பலகை மாட்டி அந்த வரம்பைத் தாண்டினால் எந்தக் கீலும் நிற்காது. பதித்த மாடல்களில் சுவரோடு பிடிக்கும் கவிழ்வுத் தடுப்பு பிராக்கெட் இருந்தால், வேலைக்காகக் கழற்றியதை மறுபடி மாட்டாமல் கதவைத் திறக்காதீர்கள். திறந்த கதவின் எடையில் முழு ஃப்ரிட்ஜும் முன்னால் சாயக்கூடும்.

பின்புறம் அதிர்வுச் சத்தம் வந்தால் கம்ப்ரசரின் அடியில் உள்ள ரப்பர் புஷ்களை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தால் நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். உள்ளே ஒரு உலோகக் குழல் இருக்கும், போல்ட் அதன் மேல்தான் இறுக வேண்டும். ரப்பரையே நசுக்கி இறுக்கினால் அது அதிர்வை வாங்காது.

மாட்டிய பிறகு

மறுபடி ரசமட்டம், மறுபடி காகிதம். முதலில் வழுக்கிய மூலையில் இப்போது பிடிக்கிறதா? கதவு நேரானாலும் நீண்ட நாள் கோணலில் இருந்த ரப்பர் மடங்கியே நிற்கலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தடம் கொடுத்து விரலால் இழுத்துவிடுங்கள், அல்லது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். பிறகு கதவை மூடி ஒரு இரவு விட்டால் பெரும்பாலும் வடிவத்துக்கு வந்துவிடும். வராத ரப்பரை மாற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கதவுத் தட்டுகளைக் காலியாக வைத்தே முதல் சோதனையைச் செய்யுங்கள். அப்புறம் வழக்கமான எடையை ஏற்றி இன்னொரு முறை பாருங்கள். எடை ஏறியதும் காகிதம் மறுபடி வழுக்கினால் ஏதோ ஒரு திருகு இன்னும் முழுசாக இறுகவில்லை, அல்லது கீழே ஒரு வாஷர் விடுபட்டிருக்கிறது. ஒரு வாரம் கழித்து மேல் மூடியைத் திறந்து, ஒவ்வொரு திருகிலும் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். கால் சுற்றுக்குக் குறைவாக நகர்ந்தால் கவலையில்லை, இறுக்கிவிட்டு மூடலாம். அதற்கு மேல் நகர்ந்தால் அந்தத் துளையின் மரையை மேலே சொன்னபடி சரிசெய்ய வேண்டும்.